பபேடான் கோயில், பள்ளிவாசல், சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களே, முத்தவல்லிமார்களே, ஜமாஅத் பெரியவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, கடை முதலாளிமார்களே,

 

ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் நடத்துகிற இலவச மருத்துவ முகாமை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் பணத்தையும் ஆட்களையும் வேறு வழியில் திருப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனம் கோணாதீர்கள். உங்கள் தர்ம சிந்தையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 2021 ஜூலையில் கொரோனாவால் ரங்கூனே மூச்சுக்குத் தவித்தபோது ஆக்ஸிஜன் உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் இதைக் கேட்க முடியும்.

ரங்கூன் பபேடானில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் முகாமுக்கு யார் வருகிறார்கள் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். யார் வரவில்லை என்று நான் பார்க்கிறேன். நம் பகுதி வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாடி, ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. மேல்மாடிக்காரர்கள் பால்கனியிலிருந்து கயிறு விடுவார்கள்; நுனியில் கிளிப் இருக்கும்; பத்திரிகையோ பலகாரமோ மாட்டினால் இழுத்துக்கொள்வார்கள். அந்தக் கிளிப்பில் நான் மருந்து மாட்டி அனுப்புகிற வீடுகள் உண்டு. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, விரலிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு. குளிர்காய்ச்சல் வந்துவிட்டது, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது, கால் சிவந்து கனக்கிறது என்று மேலிருந்து குரல் வரும். சில மாதம் கழித்து அதே குரல், அதே மருந்து. அது யானைக்கால் என்று எனக்கும் தெரியும், அந்த வீட்டாருக்கும் தெரியும். அந்த மனிதர் தெருவில் இறங்கி நடந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். முகாம் நடக்கிறது என்று தெரிந்தாலும், வீங்கிய காலோடு அத்தனை பேர் நடுவே நாற்காலியில் உட்கார அவர் ஒப்ப மாட்டார்.

முகாமில் இரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், சர்க்கரை பார்க்கிறீர்கள், கண் பார்க்கிறீர்கள். ஒரு வாரத்துக்குச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறீர்கள். அடுத்த வாரம் அந்த நோயாளி யாருடைய பொறுப்பு? எந்தச் சங்கத்தையும் குறிப்பிட்டுச் சொல்ல நான் விரும்பவில்லை. ஒரு முகாமில், கையில் உணர்ச்சியற்ற தேமல் இருந்த ஓர் இளைஞனை டாக்டர் சரியாகவே கண்டுபிடித்தார்; பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். போனாயா என்று அவனைக் கேட்க ஒருவரும் இல்லை. அவன் போகவில்லை. விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகுதான் என் கடை வாசலில் வந்து நின்றான். தொழுநோய்க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைப்பது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். நரம்பு செத்த பிறகு கொடுத்தால் கிருமி சாகும், விரல் நிமிராது. அவனுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்தது சில தெருக்கள்தான். அந்தத் தெருக்களைக் கடக்க அவனோடு கூட நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். நம்மிடம் பந்தல் இருந்தது, பேனர் இருந்தது, சாப்பாடு இருந்தது. கூட நடக்க ஆள் இல்லை.

யானைக்கால், தொழுநோய், டெங்கு, வெறிநாய்க்கடி, பாம்புக்கடி, குடற்புழு, சொறிசிரங்கு என்று இருபதுக்கும் மேற்பட்ட வகை நோய்களைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 30 இவற்றுக்கான நாள். இவற்றில் யானைக்காலும் தொழுநோயும் ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. அதனால் செய்தியாவதும் இல்லை. உழைக்கிற காலைப் பிடிக்கும், கல்யாணத்தை நிறுத்தும், கடைசியில் ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும். இப்படி ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிற நோயை ஆண்டுக்கு ஒரு நாள் முகாம் எப்படிப் பிடிக்கும்?

யானைக்கால் ஆராய்ச்சியில் நம் ஊருக்கு உலகப் பெயர் உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1960களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று ரங்கூனில் இயங்கியது. யானைக்காலைப் பரப்புகிற சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் எங்கே முட்டையிடுகிறது, எத்தனை நாள் வாழ்கிறது, எத்தனை பேரைக் கடிக்கிறது என்று இந்த ஊரில் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கை வைத்து ஹேர்ஸ்டன், டி மெய்யோன் என்ற இரு அறிஞர்கள் 1968இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள்: ஒரு மனிதனின் உடலில் யானைக்காலை உண்டாக்கும் புழு குடியேறி, இரத்தத்தில் தன் குஞ்சுகளை விடுகிற நிலைக்கு வர, புழுவைச் சுமந்த கொசுக்கள் சராசரியாக 15,500 முறை அவனைக் கடித்திருக்க வேண்டும்.

இந்த எண்ணை நீங்கள் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். யானைக்கால் விதியால் வருவதில்லை, திருஷ்டியால் வருவதில்லை, யாரோ செய்த பாவத்தாலும் வருவதில்லை. ஒரே சாக்கடைக்கு மேல், கொசுவலை இல்லாத ஒரே அறையில், வருடக்கணக்கில் படுத்துறங்கியவனுக்கு வருகிறது. வாடகை குறைவான அறையில் இருந்தவனுக்கு வருகிறது. நாம் அவனை அங்கே இருக்க விட்டதால் வருகிறது. அதே எண்ணுக்குள் நம்பிக்கையும் இருக்கிறது. வேர்பிடிக்க இத்தனை கடி தேவைப்படுகிற நோயை, கடிகளைக் குறைத்துக் குறைத்தே ஒடுக்கலாம். கொசுவை முற்றாக ஒழிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் பின்சந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். நகர மையத்தின் கழிவுநீர்க் குழாய்கள் 1880களின் இறுதியில், காற்றழுத்தத்தால் கழிவைத் தள்ளும் முறையில் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டவை. அன்றைய ஜனத்தொகைக்குப் போட்ட குழாய் இன்றைய ஏழு மாடிகளைத் தாங்கவில்லை. கசிகிறது, தேங்குகிறது. அது மாநகராட்சியின் குறை. ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்து மீன் செதிலையும் பிளாஸ்டிக் பையையும் அந்தச் சந்துக்குள் போடுவது யார்? நாம்தான். சில ஆண்டுகளுக்கு முன் தோ எய்ன் என்ற அமைப்பு, தெருவாசிகளைச் சேர்த்துக்கொண்டு நகர மையத்தின் பின்சந்துகள் சிலவற்றைச் சுத்தம் செய்து, பிள்ளைகள் விளையாடுகிற தோட்டங்களாக மாற்றிக் காட்டியது. ஆக, முடியாத காரியம் இல்லை. புகை அடிப்பதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். புகை, பறக்கிற கொசுவைக் கொல்லும்; சாக்கடையில் நெளிகிற கொசுப்புழுவை அது தொடுவதில்லை. டெங்குக் கொசுவோ நல்ல தண்ணீரில் பெருகுவது. மின்சாரம் நின்று மோட்டார் ஓடாத நாட்களுக்காக நாம் நிரப்பி வைக்கிற டிரம்மும், சாமி படத்தடியில் வைக்கிற பூ ஜாடியும் அதற்குப் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி மூடச் சொல்ல ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு பெண் இருந்தால், மழைக்காலத்தில் எத்தனை பிள்ளைகள் காய்ச்சலிலிருந்து தப்பிக்கும்!

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் 2001 முதல் யானைக்கால் ஒழிப்புக்காக, நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல், நோய் பரவுகிற மாவட்டங்களில் எல்லோருக்கும் டி.இ.சி., ஆல்பெண்டசோல் மாத்திரைகளைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்தாண்டு, மொத்த ஜனத்தில் 65 சதவீதம் பேராவது விழுங்கினால்தான் பரவல் அறும். ஏனென்றால் தாய்ப்புழு உடலுக்குள் ஆறு முதல் எட்டு ஆண்டு உயிரோடிருக்கும். இந்த மாத்திரைகள் முக்கியமாக அதன் குஞ்சுகளைக் கொல்வன. வாங்கிக்கொண்டு அலமாரியில் போட்டுவிட்டால் கணக்கில் ஏறும், இரத்தத்தில் ஏறாது. மந்தலே வட்டாரத்தில் ஆறு சுற்று மாத்திரை கொடுத்த பிறகு, அமரபுரா உள்ளிட்ட ஊர்களில் 2015இல் ஆய்வு செய்தார்கள். புழு இன்னும் அங்கே இருந்தது. நம் ஆட்கள் ஏன் விழுங்குவதில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். “எனக்குத்தான் வியாதி இல்லையே” என்பார்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மாத்திரை போட்டதும் காய்ச்சல் வந்ததாம் என்பார்கள். குஞ்சுகள் சாகும்போது சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கடுமையாக நோயுற்றவர்களுக்கும் கொடுக்க மாட்டார்கள், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். இதை முன்கூட்டியே தமிழில் நம்பிக்கையான ஒருவர் சொல்லியிருந்தால் பயம் போயிருக்கும். வெள்ளிக்கிழமை குத்பாவுக்குப் பின் இமாம் ஒரு வார்த்தை சொன்னால், ஆடி வெள்ளி பூஜைக்குப் பின் குருக்கள் ஒரு வார்த்தை சொன்னால், என் கடையில் நான் நூறு பேரிடம் சொல்வதைவிட அது பெரிது.

ஏற்கெனவே வீங்கிய காலுக்கு அந்த மாத்திரை பெரிய உதவி செய்யாது. அதற்கு வேண்டியது வேறு: சோப்பும் தண்ணீரும். கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆனால் உலகம் முழுக்க நிரூபணமான வைத்தியம் இதுதான். தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலிடுக்குகளையும் மடிப்புகளையும் ஈரமில்லாமல் ஒற்றித் துடைக்க வேண்டும், புண்ணுக்குக் களிம்பு தடவ வேண்டும், உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும், பாதத்தை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். அந்தக் குளிர்காய்ச்சல் வருவது பெரும்பாலும் விரலிடுக்குப் புண் வழியாகப் புகுகிற கிருமியால்தான். அதை அடைத்துவிட்டால் காய்ச்சல் குறைகிறது, காய்ச்சல் குறைந்தால் கால் மேலும் பெருப்பது நிற்கிறது. ஆண்களுக்கு வருகிற விரைவீக்கத்தை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். வெட்கத்தால் பலர் வாய் திறப்பதில்லை. இவ்வளவு எளிய வைத்தியம் ஏன் அந்த ஆறாம் மாடிக்குப் போய்ச் சேரவில்லை? படி ஏறிப் போய்ச் சொல்லிக் கொடுத்து, அடுத்த வாரமும் போய்ப் பார்க்க, அதற்கென்று ஒருவரை நாம் வைக்காததால்.

“இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது அல்லவா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ஆமாம், அரசாங்கம்தான் செய்ய வேண்டும். இந்த நாடு செய்தும் காட்டியது. 2003இல் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்கியது. கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமாவை ஒழித்ததற்காக 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அதைச் சாதித்ததில் வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தமெய்னும் உடுத்திக் கிராமம் கிராமமாக நடந்த மிட்வைஃப்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான டாக்டர்களும் நர்ஸுகளும் வேலையை விட்டு வெளியேறினார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சு இரவு பத்து மணிக்கு மேல்தான் இரத்தத்தில் கூடுதலாகத் தெரியும், அதனால் இரவில் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுப்பது பழைய முறை. இரவு ஊரடங்கு இருந்த நகரத்தில் அதை யார் செய்வது? பகலிலேயே செய்யக்கூடிய பட்டைப் பரிசோதனை இப்போது இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் நமக்கு ஒரு கணக்கு வேண்டும், எங்கே யாருக்குத் தேவை என்று. 2025இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திக்கொண்டபின் பல நாடுகளில் இந்த நோய்களுக்கான திட்டங்கள் தடுமாறுகின்றன. வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று காத்திருக்கிற காலம் இது இல்லை.

அக்கம்பக்கத்து நாடுகளைப் பாருங்கள். இலங்கை 1947இல் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் என்று தனி அமைப்பை நிறுவி, 2016இல் ஒழித்ததாகச் சான்று பெற்றது. சான்று பெற்ற பிறகும் இரத்தப் பரிசோதனையைத் தொடர்கிறது. தாய்லாந்து 2017இல், வங்கதேசமும் லாவோஸும் 2023இல். நாம் இன்னும் அந்த வரிசையில் இல்லை. மாறான பாடம் புதுச்சேரியில் இருக்கிறது. 1981 முதல் 1985 வரை அங்குள்ள கொசு ஆராய்ச்சி மையம் சாக்கடைகளைச் சீராக்கி, கொசுவை மடக்கி, பிள்ளைகளிடம் இந்த நோயை வெகுவாகக் குறைத்தது. திட்டம் முடிந்தது, கவனம் தளர்ந்தது, கொசு மறுபடி பெருகியது. ஐந்தாண்டு உழைத்தும் நிறுத்தியதும் இப்படி ஆனது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமைப் பற்றி என்ன சொல்ல?

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. 1871இல் காளியம்மனுக்குக் கோயில் எழுப்பிய தமிழர்களும், சூலியா பள்ளிவாசலைக் கட்டியவர்களும் வழிபாட்டோடு நின்றுவிட்ட சமூகம் இல்லை. மகாபந்துலா சாலையில் முஸ்லிம் இலவச ஆஸ்பத்திரி 1937 முதல் எல்லா மதத்தாருக்கும் வைத்தியம் பார்த்து வருகிறது. ராமகிருஷ்ண மிஷன் இந்த நகரத்தில் நடத்திய இலவச ஆஸ்பத்திரி 1960களில் அரசு கைக்குப் போகும்வரை ஏழைகளின் புகலிடமாக இருந்தது. தினமும் திறந்திருக்கிற கதவுகள் இவை. எனக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான், சிறிய அளவில்.

நான் கேட்பது இதுதான். கோயில், பள்ளிவாசல், சங்கம் எல்லாம் சேர்ந்து தரைத்தளத்தில் ஓர் அறை ஒதுக்குங்கள். குழாய், பேசின், சோப்பு, துண்டு, களிம்பு, உட்கார ஒரு பெஞ்சு, வாசலில் ஒரு திரை. வாரத்தில் இரண்டு மாலை அது திறந்திருக்க வேண்டும், பண்டிகையானாலும் மழையானாலும். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற நர்ஸுகள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒருவருக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள், சேவை என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். அவர் கால் கழுவக் கற்றுக்கொடுப்பார், தேமலைப் பார்ப்பார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவருடன் கூடப் போவார், தமிழும் உருதுவும் மட்டுமே வாயில் வருகிற பாட்டிகளுக்காக டாக்டரிடம் பர்மிய மொழியில் பேசுவார். நாய் கடித்தவனை, கடித்த இடத்தை உடனே பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, தடுப்பூசி அத்தனையும் போட்டு முடிக்கும் வரை விடமாட்டார். கீழே இறங்க முடியாதவர்களுக்கு அவரே மாடி ஏறுவார்.

அடுத்தது பதிவேடு. இதை மிகவும் கவனமாகச் செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தபிறகு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எவர் எழுத வந்தாலும் தாய்மார் நடுங்குகிறார்கள். குடியுரிமை அட்டை முழுமையாக இல்லாத குடும்பங்களுக்கு அந்தப் பயம் இன்னும் பழையது. ஆகவே பெயர் வேண்டாம், வயது வேண்டாம், அட்டை எண் வேண்டாம். படிக்கட்டுக்கு ஓர் எண், காலுக்கு ஒரு குறி: வீக்கம் எந்த அளவு, கடைசியாகக் காய்ச்சல் எப்போது, மாத்திரை விழுங்கினாரா. நோட்டு அந்த நர்ஸின் பூட்டிய பெட்டியை விட்டு வெளியே போகக்கூடாது. நகரச் சுகாதார அதிகாரியிடம் போவது மொத்த எண்ணிக்கை மட்டும்தான். “எங்கள் தெருவில் நோய் இருக்கிறது” என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். இத்தனை கால், இத்தனை தேமல், இத்தனை பேர் மாத்திரை கிடைக்காதவர்கள் என்று தாளை நீட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. இதை நன்கொடையாக நடத்தாதீர்கள். உற்சாகம் வடிந்தால் நன்கொடையும் வடிந்துவிடும். உங்கள் ஆண்டு வரவு செலவில், விளக்கெண்ணெய்க்கும் மின் கட்டணத்துக்கும் ஒரு தலைப்பு இருப்பதுபோல், இதற்கும் நிரந்தரமாக ஒரு தலைப்பு எழுதுங்கள். நிர்வாகக் குழு மாறினாலும் அந்தத் தலைப்பு மாறக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள்.

இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. தொழுநோய் குணமான ஒருவரை அன்னதானத்தில் பரிமாற வேண்டாம் என்று ஓரமாக நிற்கச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். எந்த இடம் என்பது தேவையில்லை. மருந்து முடித்தவரால் யாருக்கும் தொற்றாது. அவரை முதல் பந்தியில் பரிமாற வையுங்கள். அதைப் பார்க்கிற நூறு பேரில், சட்டைக்குள் தேமலை ஒளித்து வைத்திருக்கிற ஒருவராவது மறுநாள் உங்கள் அறைக்கு வருவார்.

மே மாதம் மழை இறங்கிவிடும், அதற்குமுன் சாக்கடைகளைத் தொட வேண்டும். ஆகவே திஞ்சான் புத்தாண்டுக்கு முன்னால் எல்லா நிர்வாகங்களும் சேர்ந்து ஒரே கூட்டம் கூட்டுங்கள். கோயிலில் வைத்தாலும் சரி, பள்ளிவாசல் மண்டபத்தில் வைத்தாலும் சரி. ஒவ்வொரு நிர்வாகமும் இரண்டு பெண்களையும் ஓர் இளைஞரையும் கூட்டி வாருங்கள். மாடி ஏறி இறங்கப் போவது அவர்கள்தான், பேச்சும் அவர்கள் முன்னிலையில் நடக்கட்டும். தரைத்தளத்தில் காலியாக இருக்கிற அறை எவரிடம் உண்டோ அவர் சாவியோடு வாருங்கள். போன ஆண்டு முகாமின் செலவுக் கணக்கையும் எடுத்து வாருங்கள். நர்ஸின் முதலாண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற பேச்சை அன்றைக்கே முடித்துவிடலாம். சோப்பும் களிம்பும் முதல் ஆண்டு முழுவதும் என் கடையிலிருந்து வரும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

பபேடான் மருந்துக்கடைக்காரன்